மான் தேடி வந்தவன் பாட்டு

லாஸ்பேட்டைக்காரனுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் ஒரு சமாதிதான்; நாடகமும் பாட்டும் அப்புறம். எங்கள் பேட்டையை ஒட்டிக் கருவடிக்குப்பம். அங்கே இடுகாட்டில் அவர் கிடக்கிறார். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்று பையன்களை வைத்துக் கம்பெனி தொடங்கினார். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகும் அந்தப் பையன்களோடு ஊர் ஊராக வந்தார். 1922 நவம்பர் 13ஆம் தேதி பிரெஞ்சுக்காரன் மண்ணில், புதுச்சேரியில், கண்ணை மூடினார். வருஷா வருஷம் நவம்பரில் நாடகக்காரர்கள் வருவார்கள். மாலை போடுவார்கள். சமாதி முன்னால் பாடுவார்கள். சின்ன வயசில் வேடிக்கை பார்க்கப் போன எனக்கு அந்தக் கூட்டத்தில் தெரிந்திருந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அது 'காயாத கானகத்தே'.

அந்தப் பாட்டு எனக்குத் தெரிந்திருந்தது நாடகத்தால் அல்ல, எங்க ஆயாவால். பாட்டு ரேடியோவில் வந்தால் ஆயா எழுந்து வந்து நிறுத்திவிடும். 'ஏன் ஆயா, சாமி பாட்டுதானே' என்று கேட்டால், 'இன்னா சாமி பாட்டு, தூ' என்று வெத்திலையைத் துப்பும். ரொம்ப நாள் இது எனக்குப் புரியவில்லை. ஆயா செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எழுதுவது அந்தத் 'தூ'வுக்கு ஒரு விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் சினிமா பேச ஆரம்பித்த காலத்துக் காதல் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ராகம் சொல்வார்கள், பாகவதரின் கிராப்பைச் சொல்வார்கள், 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட கதையைச் சொல்வார்கள். சுருதி சுத்தம் பேசுகிறவர் யாரும், பாட்டில் யார் யாரைக் கூப்பிடுகிறார், கூப்பிடப்பட்டவள் என்ன சொன்னாள் என்று கேட்பதில்லை. இந்தப் பாட்டு வள்ளி திருமணத்தில் வருவதால் அதைக் காதல் பாட்டு என்று சொல்லவே பலருக்குக் கூச்சம். ஆனால் அது காதல் பாட்டுதான். திரையில் பேச்சு வருவதற்கு முன்பே ஊர் ஊராகப் பரவி, பிறகு திரையிலும் ஏறிய ஆகப் பழைய காதல் பாட்டுகளில் ஒன்று.

நாடகத்தில் அது எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறாள். அவளுக்கு அது வேலை. கதிரைக் காக்கிற கூலிக்காரியின் வேலை என்றே நான் படிக்கிறேன். முருகன் வேடன் வேஷத்தில் வருகிறான். காணாமல் போன மான் ஒன்றைத் தேடுவதாகச் சொல்கிறான். அந்த மானின் அடையாளங்களைச் சொல்லச் சொல்ல, அது மான் இல்லை, முன்னால் நிற்கிற பெண்தான் என்று விளங்குகிறது. சிலேடை, அழகு, எல்லாம் சரி. வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம், ஆயுதத்தோடு வந்த ஒரு ஆண், 'நான் வேட்டையாடத் தேடுகிற விலங்கு நீதான்' என்று சொல்கிறான். பாட்டின் அர்த்தம் இதுதான். இதைக் கேட்டுத்தான் கொட்டகை கைதட்டியது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கந்தபுராணத்தின்படி வள்ளியின் தாய் ஒரு மான். காட்டில் தவம் செய்த சிவமுனியின் பார்வை பட்டு மான் கருவுற்று, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறது. நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். ஆக, வேட்டைக்காரன் அவளிடம் வந்து தேடுவது அவளைப் பெற்றவளை. பாட்டு எழுதியவர் இதை நினைத்து எழுதினாரோ என்னவோ. எனக்கு அந்த இடம் எப்போதும் உறுத்துகிறது.

இந்த மான் கதை எதற்கு? குறத்தி குறத்திக்குப் பிறந்தால் என்ன குறைச்சல்? நற்றிணை 82ஆம் பாட்டில் முருகனோடு போன வள்ளியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அங்கே மானும் இல்லை, முனிவரும் இல்லை. பரிபாடல் 9ஆம் பாட்டில் வள்ளிக்கும் தேவசேனைக்கும் சண்டையே நடக்கிறது. களவு ஒழுக்கம்தான் தமிழ் என்று வள்ளி பக்கம் பேசுகிறது அந்தப் பாட்டு. அதுவரை வள்ளி மலைக்காரி. புராணம் வருகிறது, அவளுக்குப் புது பிறப்புச் சான்றிதழ் எழுதப்படுகிறது. போன பிறவியில் அவள் திருமாலின் மகள் சுந்தரவல்லி. இந்தப் பிறவியில் முனிவரின் வித்து, மானின் வயிறு. குறவன் வெறும் வளர்ப்பு அப்பன். அதாவது ஒரு குறப்பெண்ணைக் கடவுள் கட்டிக்கொள்ள வேண்டுமானால், முதலில் அவள் குறப்பெண் அல்ல என்று நிரூபிக்க வேண்டும். நந்தனைத் தீயில் இறக்கிப் பார்ப்பன முனிவனாக எழுப்பிய அதே கை இது. நந்தனுக்கு நெருப்பு, வள்ளிக்கு மான். தீட்டைக் கழிக்காமல் இந்தப் புராணங்களுக்குக் காதலும் செய்யத் தெரியாது, பக்தியும் செய்யத் தெரியாது.

எங்கள் கருவடிக்குப்பத்துக்கு இன்னொரு வேடப்பெண்ணும் சொந்தம். பாரதி 1912இல் எழுதிய 'குயில் பாட்டு' பிறந்தது இங்கிருந்த தோப்பில்தான் என்று சொல்வார்கள். அதில் குயில் முற்பிறவியில் வேடர் தலைவன் முருகன் மகள் சின்னக்குயிலி. அவளைக் காதலிக்கிறவன் சேர அரசன் மகன். மேலேயிருந்து இறங்கி வரும் ஆண், கீழே காட்டில் நிற்கிற பெண். அங்கேயும் ராஜா வீட்டுப் பிள்ளை நம் வீட்டுப் பெண்ணைக் கட்டுவானா என்று அவள் தயங்குகிறாள். அவளைத் தமக்கென்று நினைத்திருந்த வேட இளைஞர்களுக்குப் பாரதி வைத்த பெயர்கள் மாடன், நெட்டைக் குரங்கன். இளவரசனுக்கு அழகு, வேடனுக்குக் குரங்கு. மகாகவியின் தோப்பிலும் இதுதான் நிலவரம்.

பாட்டுக்குத் திரும்புவோம். சுவாமிகளுக்கு நான் எதிரி அல்ல. ஏறக்குறைய நாற்பது நாடகம் எழுதி, எழுதப்படிக்கத் தெரியாத ஜனத்துக்குத் தமிழைப் பாட்டாகக் கொடுத்தவர். வள்ளி திருமணத்தில் அவர் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. அது தர்க்கம். வேடன் பாடி முடித்ததும் வள்ளி மயங்கி விழுவதில்லை. எதிர்த்துக் கேட்கிறாள். மான் இந்தப் பக்கம் வரவில்லை, வந்தாலும் உனக்கென்ன, என் அப்பன் வந்தால் உன் கதி என்ன, நீ யார், உன் ஊர் என்ன, முறை என்ன என்று கேள்வி மேல் கேள்வி. வேடனும் விடமாட்டான். இரண்டு பேருக்கும் இடையில் விடிய விடிய நடக்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் முதல் சந்திப்பு. அதனால் அந்தத் தர்க்கம் நிஜமான தர்க்கம். வள்ளி வேஷம் கட்டுகிற பெண் அசந்தால் எதிராளி மட்டம் தட்டிவிடுவான். அசராமல் நின்றால் கொட்டகை அவள் பக்கம். 'கூத்தாடிச்சி' என்று பகலில் காறித் துப்புகிற ஊர், ராத்திரியில் அவள் ஒரு ஆணை வாயடைக்க வைப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். என்னைக் கேட்டால் வள்ளி திருமணத்தில் காப்பாற்றத் தகுந்த பகுதி இதுதான்.

வள்ளி சம்மதிப்பதாலும் நாடகம் முடிவதில்லை. நம்பிராசன் வரும்போது வேடன் வேங்கை மரமாகிறான். பிறகு கிழவனாகி வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான், தண்ணீர் கேட்கிறான். கடைசியில் அண்ணன் விநாயகனை யானையாக வரவழைக்கிறான். யானையைக் கண்டு பயந்து அவள் கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொண்டாளா, அப்போ கல்யாணம். சொந்த ஆளை ஏவிவிட்டுப் பயமுறுத்தி, தானே காப்பாற்றுவது போல நடித்து ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைப்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று கல்லூரிப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தாகூர் கலைக் கல்லூரி வாசலில் நிற்கிற பொறுக்கிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தத் தர்க்கம் எங்கே போச்சு? பாட்டு மட்டும் எப்படித் தனியாக மிஞ்சியது?

இதற்குக் காரணம் ஒரு இயந்திரம். கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம்தான் ஏறும். விடிய விடிய நடந்த தர்க்கத்தை அதில் எங்கே அடைப்பது? கூப்பிட்டவன் பாட்டு தட்டில் ஏறியது. பதில் சொன்னவள் வாய் வெளியே நின்றது. நாடகத்தைத் துண்டு துண்டாகப் பல தட்டுகளில் பதிந்து செட்டாக விற்றதும் உண்டு. ஆனால் பணக்காரன் வீட்டுக்குத்தானே அது வரும். டீக்கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்தது ஒற்றைத் தட்டு. செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரலில் அந்தத் தட்டு ஊரெல்லாம் போச்சு. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடிப் பழகிய குரல் அது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன், கேட்டால் எனக்கும் மயிர் கூச்செறிகிறது. கூச்செறிவது வேறு, கேள்வி கேட்பது வேறு.

கிட்டப்பா என்றால் கொடுமுடி சுந்தராம்பாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. வறுமையில் பிறந்து, ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமி என்றே அவர் வரலாற்றைச் சொல்வார்கள். 1926இல் கொழும்பில் கிட்டப்பாவும் அவரும் மேடையில் சேர்ந்தார்கள். அவர் முருகன், இவர் வள்ளி. ஜனம் பைத்தியம் பிடித்துப் பார்த்தது. மேடையில் நடந்தது வெளியிலும் நடந்தது. அடுத்த வருஷம் மணம் என்கிறார்கள். கிட்டப்பா பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளை, ஏற்கெனவே மணமானவர். அங்கே ஒரு தெய்வானை முன்பே இருந்தார். சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது வள்ளியின் இடம்தான். ரசிகர் நெஞ்சில் முதல் இடம், ஊர் முறையில் இரண்டாம் இடம். 1933 டிசம்பரில் கிட்டப்பா முப்பது வயசு ஆகாமலே போனார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை கட்டினார், ஆணோடு ஜோடியாக நடிப்பதை விட்டார். 1935 'நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்; நந்தன் வேஷம் கட்டினார். பறையனாக நடிக்க ஒரு பெண்ணைத்தான் தேட வேண்டியிருந்தது சினிமாவுக்கு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே நான் சொல்ல வந்தது வேறு: அந்தப் பாட்டின் முருகனைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! எதிரே நின்று அவனை மடக்கிய வள்ளியின் தர்க்கத்தைப் பற்றி எவ்வளவு குறைவு!

மேடை வள்ளியே பல காலம் பெண் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. சுவாமிகளின் பாலசபாவில் பையன்கள்தான் ஸ்திரீபார்ட். அப்புறம் பெண்கள் வந்தார்கள், தர்க்கம் சூடு பிடித்தது. அப்புறம் சினிமா வந்தது. 1931இல் 'காளிதாஸ்'. 1933இல் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்', டி.பி.ராஜலட்சுமி வள்ளி, மேடையில் அடிபட்டு வளர்ந்த பெண், தன் வாயால் பேசி, தன் வாயால் பாடியவர். 1945இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி' வந்தது. டி.ஆர்.மகாலிங்கம் முருகன். கிட்டப்பா விட்டுப்போன உச்சத்தில் அவர் 'காயாத கானகத்தே' பாட, பாட்டு மறுபடி பிறந்தது. இன்று நம் காதில் இருப்பது அதுதான். அந்தப் படத்தில் வள்ளியாக நடித்தவர் ருக்மிணி, பின்னால் பிரபலமான நடிகை லட்சுமியின் தாயார். படம் எடுத்த பிறகு அவர் பாடியது திருப்தியில்லை என்று, அந்தக் குரலை அழித்துவிட்டுப் பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். பெரியநாயகி நம்ம பண்ருட்டிக்காரர், அருமையான பாடகி. அவர் மேல் ஒன்றும் இல்லை. சினிமாத் தொழிலில் இரவல் குரல் அப்புறம் சாதாரணமாகிப் போச்சு, அதுவும் தெரியும். ஆனாலும் இந்தக் கதையில் அது நடந்ததைக் கவனியுங்கள். முருகனுக்குச் சொந்தக் குரல். வள்ளிக்கு மேடையில் பையன் உடம்பு, தட்டில் இடம் இல்லை, திரையில் இரவல் குரல். கூப்பிட்டவன் தொண்டை மட்டும் ஆளுக்கு ஆள் வாரிசாக, கலையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பாட்டு ஓங்கி ஒலித்த வருஷங்களில் வள்ளியின் ஜனம் எங்கே இருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் என்ன இலக்கிய விமர்சனம்?

1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிச் சட்டம் போட்டான். 1911இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். குறவர்கள் அதில் சிக்கினார்கள். பிறந்ததே குற்றம். ரேகை வைக்க வேண்டும், சொன்ன வேளைக்குக் காவல் நிலையத்தில் வந்து நிற்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உப்பும் தானியமும் கூடையும் சுமந்து ஊர் ஊராக நடந்து பிழைத்த ஜனத்துக்கு நடப்பதே சட்டவிரோதம் ஆச்சு. குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் அவர்களின் உறவினரான எருகுலரை 1913இல் குடியேற்றத்தில் அடைத்து, சால்வேஷன் ஆர்மியிடம் ஒப்படைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல், நாடு முழுக்கப் போனது 1952இல். வருஷங்களை அடுக்கிப் பாருங்கள். 1911இல் சட்டம். 1918இல் பாலசபா. 1926இல் கொழும்பு மேடை. 1933இல் ராஜலட்சுமி. 1945இல் 'ஸ்ரீ வள்ளி'. கொட்டகைக்குள்ளே குறமகளைக் கடவுள் கட்டிக்கொள்கிறார், டிக்கெட் வாங்கி ஜனம் கைதட்டுகிறது. கொட்டகைக்கு வெளியே நிஜக் குறத்தியின் புருஷன் தாணாவில் கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கிறான். பிரிட்டிஷ் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது என்பதால் புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாலு மைல் நடந்தால் எல்லை.

பெருமைப்பட எங்கள் தெருவுக்கும் ஒன்றுமில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, எழுதித்தான் ஆக வேண்டும். சின்ன வயசில் பச்சை குத்துகிற குறத்திகள் லாஸ்பேட்டைக்கு வருவார்கள். ஆயாவின் முழங்கையில் ஒரு தேள் இருந்தது, குறத்தி குத்தினது. குத்தி முடித்துத் தண்ணி கேட்டால் சொம்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள் எங்கள் தெருவில். தூக்கி ஊத்துவார்கள், அவள் கையேந்திக் குடிப்பாள். ஊர்க்காரன் எங்களுக்கு ஊத்தின மாதிரியே. படிநிலை, படிநிலை என்று அம்பேத்கர் ஏன் அடித்துக்கொண்டார் என்று புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே எனக்கு அந்தச் சொம்பு தெரியும்.

பாட்டு இன்னும் ஓடுகிறது, கதையும் இன்னும் ஓடுகிறது. 1993இல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். குறவர். திருட்டுப் பட்டம் கட்டித்தான் பிடித்துப் போனார்கள். 1911 சட்டம் செத்தாலும் அதன் ஆவி தாணாவை விட்டுப் போகவில்லை. அவர் மனைவி விடாமல் நடத்திய போராட்டமும் வழக்கும் 2021இல் 'ஜெய் பீம்' என்று படமாக வந்தது. நல்ல படம். நானும் அழுதேன். ஆனால் படத்தில் ராசாக்கண்ணு இருளர். இருளர் படும் பாடு கொஞ்சமல்ல, அதைத் திரையில் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் செத்தவன் குறவன் என்பது திரையில் இல்லாமல் போச்சு. குறவர் சங்கங்கள் கேட்டதும் அதைத்தான். வள்ளியை மானுக்குப் பிறக்க வைத்த கைதான் இது என்று நான் குற்றம் சாட்டமாட்டேன். நோக்கம் வேறு, காலம் வேறு. ஆனால் குறவன் பெயர் துலங்க வேண்டிய இடத்தில் இன்னொரு பெயர் வந்து உட்காருவது மட்டும் எப்படியோ மறுபடி மறுபடி நடக்கிறது. பெயர் வேண்டாத இடத்தில் கரெக்டாக இருக்கும்: திருவிழா மேடையில் குறவன்-குறத்தி ஆட்டம் என்று அரைகுறைத் துணியில் ஆடவிட்டார்களே, அங்கே. 2023இல் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் காதலின் திசையைப் பாருங்கள். மேலிருந்து கீழே. தேவன், குறத்தி. இளவரசன், வேடப்பெண். மனு இதற்கு அனுலோமம் என்று பெயர் வைத்து அரைமனசாக அனுமதித்தான். கீழேயிருந்து மேலே போனால் பிரதிலோமம், சண்டாளம். காதல் பாட்டு என்றால் சாதியைக் கடந்தது என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் இன்றும் மேடையில் பேசுகிறார்கள். முருகன்-வள்ளியைத் தமிழனின் கலப்பு மணத்துக்கு முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். சாதி நிற்பதே அகமணத்தில்தான் என்று 1916லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். 1936இல் கலப்பு மணமே மருந்து என்றும் எழுதினார். அவர் சொன்ன கலப்பில் பெண்ணின் பிறப்பைத் திருத்தி எழுதுகிற வேலை இல்லை. ஒருத்தியைச் சாதி மாற்றிவிட்டுக் கட்டிக்கொண்டால் அது கலப்பா?

திசையைத் திருப்பிப் பார்த்தால் என்ன ஆகிறது என்று எங்கள் பக்கத்திலேயே பார்த்தோம். 2003இல் விருத்தாசலத்துக்குப் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. பையன் தலித், பெண் வன்னியர். இரண்டு பேரும் படித்தவர்கள், பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இரண்டு பேரையும் பிடித்து வந்து, ஊரே பார்க்க, காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பையன் பெயர் முருகேசன். பெண் பெயர் கண்ணகி. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல், பதினெட்டு வருஷம் கழித்து. கந்தபுராணத்திலும் பெண்ணை அழைத்துக்கொண்டு போனவனைப் பெண்ணின் ஜனம் துரத்திக்கொண்டு வருகிறது. அங்கே சாகிறவர்கள் துரத்தி வந்த குறவர்கள். வள்ளி கேட்டுக்கொண்டதால் அவர்களை எழுப்பிவிடுகிறார்கள். கீழே இருக்கிறவன் துரத்தினாலும் அவன்தான் சாகிறான், கூட்டிக்கொண்டு போனாலும் அவன்தான் சாகிறான். எழுப்பிவிடுவதற்குப் புதுக்கூரைப்பேட்டையில் யாரும் இல்லை.

ஆயாவின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். ஆயா பாகூர்ப் பக்கம். ஏரிப் பாசனம், மூணு போகம், நடவு நடவென்று இடுப்பு ஒடியும். லாஸ்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னாலும், வந்த பிறகு பொறந்த ஊருக்குக் கூலிக்குப் போனபோதும் நடந்தது இது. ஒரு மத்தியானம், ரேடியோ சண்டைக்குப் பிறகு, நானே கிளறிக் கேட்டபோது சொன்னது. நான் அப்போது எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்:

'நாங்க வரிசையா குனிஞ்சி நட்டுக்கினு இருப்போம். ஆண்ட வூட்டுப் புள்ளைங்க வரப்புல வந்து நிக்கும். டவுனுக்குப் போயி சினிமா பார்த்துட்டு வந்துருக்கும். இந்தப் பாட்டத்தான் சீட்டி அடிக்கும். மானத் தேடிக்கினு வந்தானாம். எங்கள்ள எவ மானு, எவ ஆடுன்னு பாக்கறாப்பல பார்த்துக்கினு நிக்கும். என் கூடப்பொறந்தவ ஒருத்தி, சின்னவ. அவளத்தான் அந்தப் பாட்டு தேடிக்கினு வந்துச்சி. அப்பறம் வவுறு ரொம்பிச்சி. தேடிக்கினு வந்தவன் கட்டிக்கினு போனானா? சாமி கட்டிச்சாம் கொறத்தியெ. இங்க எவன்டா கட்டனான்? புள்ள ஆறு மாசத்துல போச்சி. அவளும் போயிட்டா. அந்தப் பாட்ட வூட்டுல வெக்காத.'

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எழுதுகிறவனுக்கு இருக்கும் ஈவிரக்கமில்லாத ஆசையில், 'நீங்க பதிலுக்கு ஒண்ணுமே சொல்லலையா ஆயா?' என்று கேட்டேன்.

'சொல்லாம? அவன் சீட்டி அடிச்சான்னா நாங்க நடவுப் பாட்டுல ஏத்திப் பாடுவோம். இந்தக் கோடிலேர்ந்து ஒருத்தி எடுப்பா, அந்தக் கோடில ஒருத்தி முடிப்பா. அவன் அப்பன், ஆத்தா, அவன் வூட்டுக் கொல்ல, எல்லாம் சந்திக்கு வரும். நிக்க மாட்டான். வரப்புல வழுக்கி வுழுந்து ஓடுவான்.'

'அத ஒரு தடவ பாடேன்.'

ஆயா சுற்றுமுற்றும் பார்த்தது. பொக்கை வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தது.

'போடா. அத்தெயெல்லாம் எழுத முடியுமா ஒன்னால?'